மூணாம் கேட் பாட்டின் கடைசிச் சரணம்

தூத்துக்குடியில் உப்பு மூடைகளின் கனம் முதன்முதலாகக் காணாமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை நாலேகால் மணிக்கு. கடற்கரைச் சாலையில் வெகுநாளாகக் காலியாகக் கிடந்த ஒரு சரக்குக் கிட்டங்கியில் மூணாம் கேட் புளூஸ் என்ற பேண்டு குழுவின் நான்கு பேர் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கிட்டங்கியில் மேஸ்திரி ஆழ்வாரப்பனின் ஆட்கள் லாரியில் உப்பு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாட்டு இரண்டாம் சரணத்துக்கு வந்தபோது ஆழ்வாரப்பன் தலையில் இருந்த எழுபத்தைந்து கிலோ மூடை ஒரு துண்டின் கனத்துக்கு வந்தது. மூடை கிழிந்து உப்பு கொட்டிவிட்டதோ என்று அவர் கையைத் தூக்கித் தடவிப் பார்த்தார். மூடை இருந்தது, உப்பு இருந்தது, கனம்தான் இல்லை. அவர் இன்னொரு மூடையை வைக்கச் சொன்னார், பிறகு இன்னும் மூன்று. ஐந்து மூடையோடு லாரிப் பலகை மேல் நடந்து போய் இறக்கிவிட்டு, நேராகப் பக்கத்துக் கிட்டங்கி வாசலுக்கு வந்து, "அண்ணாச்சி, லாரி நிறையுற வரைக்கும் அந்தப் பாட்ட நிறுத்திராதிய" என்று கேட்டுக்கொண்டார். ஏன் எதற்கு என்று அவர் விசாரிக்கவில்லை. அன்றைக்கும் சரி, பிற்பாடும் சரி, ஊரில் யாரும் விசாரிக்கவில்லை.

அந்த நான்கு பேரைப் பற்றி ஊருக்கு அதற்கு முன்பு பெரிதாக எதுவும் தெரியாது. பாடுகிறவரும் மவுத் ஆர்கன் வாசிக்கிறவருமான ஜெர்வாஸ் மச்சாது, கப்பல் ஏஜெண்டு ஆபீசில் மூடை எண்ணும் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கிட்டார் வாசிக்கும் எமரென்சியா கர்டோசா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருஷம் ஹலோ சொன்னவர். பேஸ் கிட்டார் சங்கரவேலுக்கு சைக்கிள் பாகம் விற்கும் கடை. டிரம்ஸ் காதர் மைதீன் கப்பலில் சமையல்காரராக இருந்தபோது பிஸ்கட் டின்களைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் பழகியவர்.

ஒரே வரியை இரண்டு தடவை சொல்லி, மூன்றாவது வரியில் என்ன ஆயிற்று என்று சொல்கிற புளூஸ் என்ற அமெரிக்கப் பாட்டை வெளிநாட்டு மாலுமிகள் விட்டுப்போன ரெக்கார்டுகளிலிருந்து அவர்கள் கற்றுக்கொண்டார்கள். பன்னிரண்டு தாளக்கட்டில் ஒரு சுற்று முடியும், முடிந்த இடத்திலேயே அடுத்த சுற்று தொடங்கும். அதை அப்படியே தமிழில் பாடினால் என்ன என்று 1977இல் தொடங்கினார்கள். மாலுமிகள் கிளப்பில் சனிக்கிழமைதோறும் வாசித்தார்கள், மாலுமிகள் வருவது நின்றது. ஆபீசர்கள் கிளப்பில் வாசித்தார்கள், அங்கே சினிமாப் பாட்டுக் கேட்டார்கள். கல்யாண வீடுகளில் வாசித்தார்கள், பந்தியில் சாம்பார் கேட்கிற சத்தத்துக்கு மேலே எழும்ப முடியவில்லை. காதர் மூன்று வருஷம் வளைகுடாவுக்குப் போனபோது எமரென்சியா வலது காலால் தரையை உதைத்தே தாளத்தைக் காப்பாற்றினார், அந்தக் கால் இன்றைக்கும் அவர் சும்மா உட்கார்ந்திருந்தாலும் ஆடும். 1986இல் மதுரைக்குப் போய் ஒரு கேசட் போட்டார்கள், ஐந்நூறில் நாற்பது விற்றது. ரேடியோவில் ஒரே ஒரு தடவை அவர்கள் பாட்டு வந்தது, ஒரு வேலைநாளில், மத்தியானம் இரண்டு நாற்பதுக்கு, தூத்துக்குடி முழுக்கக் கரண்டு போயிருந்த நேரத்தில்.

இவ்வளவுக்கும் பிறகும் ஒரு வாரம்கூட அவர்கள் ஒத்திகையை விட்டதில்லை. எதற்கு ஒத்திகை என்று சங்கரவேலின் மனைவி ஒவ்வொரு செவ்வாயும் கேட்பார். "கச்சேரி வந்தா தயாரா இருக்கணும்லா" என்று ஒவ்வொரு செவ்வாயும் அவர் பதில் சொல்வார்.

கனம் போன செய்தி ஊருக்குள் பரவ மூன்று நாள் ஆனது. அடுத்த சில வாரங்களில் அதன் விதிமுறைகளும் தெளிவாகிவிட்டன. பாட்டுக் காதில் விழும் தூரத்துக்குள் ஒருவர் கையிலோ தலையிலோ தோளிலோ சுமப்பது எதுவோ அதன் கனம் மட்டும் போகும், சுமக்கிறவரின் சொந்தக் கனம் போகாது. நான்கு பேரில் ஒருவர் குறைந்தாலும் நடக்காது. கேசட்டில் போட்டால் நடக்காது, மிச்சமிருந்த நானூற்று அறுபது கேசட்டும் ஒரே வாரத்தில் விற்றுத் தீர்ந்து, அடுத்த வாரமே அத்தனையும் திரும்பி வந்தபோது இது உறுதியானது. பாட்டு முடிந்ததும் கனம் திரும்பி வந்துவிடும். நான்காம் நாள் சங்கரவேலின் கம்பி அறுந்து பாட்டுச் சட்டென்று நின்றதில் ஒரு கோத்ரெஜ் பீரோ ஒருவர் கால் மேல் உட்கார்ந்தது. அன்றிலிருந்து பாட்டை நிறுத்துவதற்கு முன் காதர் சிம்பல் தகட்டில் நான்கு அடி அடித்து எச்சரிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. நான்கு அடி விழுந்ததும் கூடியிருப்பவர்கள் "எறக்கு!" என்று ஒரே குரலில் கத்திக்கொண்டு சுமையைத் தரையில் வைத்துவிடுவார்கள்.

ஊர் இந்த அதிசயத்தைத் தண்ணீர் லாரி வரும் நேரத்தைப் பழகிக்கொண்டது போலப் பழகிக்கொண்டது. திங்களும் புதனும் சுமைதூக்கும் சங்கத்துக்கு, செவ்வாய் வீடு மாறுகிறவர்களுக்கு, வியாழன் கல்யாண மண்டபங்களின் அண்டா குண்டாவுக்கு, வெள்ளி மீன் ஏலக் கூடத்துக்கு, சனி மனுக் கொடுத்தவர்களுக்கு என்று கிழமை பிரிந்தது. எடை அளவு இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, பாட்டு நேரத்தில் கடைகளில் தராசைத் துணி போட்டு மூட வேண்டும் என்று உத்தரவிட்டுப் போனார். மாதா கெபித் திருவிழாவில் சப்பரம் தூக்குகிறவர்கள் பேண்டை அழைக்கக் கூடாது என்று பங்குச் சாமியார் கண்டிப்பாகச் சொன்னார், பாரமில்லாமல் தூக்கினால் அது என்ன நேர்ச்சை என்று கேட்டார். கிட்டங்கி வழியாக இடுப்பில் பிள்ளையோடு போன ஒரு பெண், பாட்டு எழும்பியதும் பதறிப் போய்ப் பிள்ளையைக் கீழே இறக்கி, கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போனார். பிள்ளைக்குக் கனம் வேண்டும், கனம் இல்லையென்றால் இடுப்பில் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும் என்றார். அதன் பிறகு அந்தச் சாலையில் பாட்டு நேரத்தில் யாரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதில்லை.

பாட்டுகளுக்கு ஊர் புதுப் பெயர் வைத்தது. எமரென்சியா தன் புருஷன் இறந்த வருஷம் எழுதிய பாட்டுக்கு மாவுமில் பாட்டு என்று பெயர். சங்கரவேல் எழுதிய ஒரே பாட்டுக்குக் கிணற்று மோட்டார் பாட்டு. எல்லாவற்றிலும் அதிகக் கனத்தை எடுப்பது ஜெர்வாஸ் 1981இல் எழுதிய மூணாம் கேட் பாட்டு, அதற்கு ஊரில் பீரோ பாட்டு என்று பெயர். துறைமுகத்தின் மூன்றாம் கேட்டில் அன்றாடக் கூலிக்காக விடியுமுன் போய் நிற்கிற ஒருத்தனைப் பற்றியது அது.

மூணாம் கேட்டுல நின்னேன், வெள்ளாப்புல வந்து நின்னேன்,
மூணாம் கேட்டுல நின்னேன், வெள்ளாப்புல வந்து நின்னேன்,
ஊராரு பேரெல்லாம் கூப்பிட்டாக, எம்பேர மட்டும் காணேன்.

அந்தப் பாட்டுக்கு நான்கு சரணம். கனம் போகத் தொடங்கியபின் மூன்று வருஷத்தில் ஆயிரம் தடவைக்கு மேல் ஜெர்வாஸ் அதைப் பாடியும் நான்காம் சரணத்தை ஒரு தடவைகூடப் பாடவில்லை. சுமை போய்ச் சேரும் வரை பாட்டு நடக்க வேண்டும், சேர்ந்ததும் நிற்க வேண்டும். தூரமான வீடாக இருந்தால் இரண்டாம் சரணத்தையே பத்துத் தடவை பாடுவார். மாடி ஏற்ற வேண்டுமென்றால் மூன்றாம் சரணத்தில் நின்று சுற்றிச் சுற்றி வருவார். இதோ நான்காவது என்று வாயைத் திறக்கும்போது காதரின் நான்கு அடி விழும், "எறக்கு!" என்று சத்தம் வரும். எழுபத்திரண்டு வயதில், வாழ்க்கையில் வேறு எப்போதும் இல்லாத அளவுக்கு வாரம் ஆறு நாள் அவருக்கு மேடை கிடைத்தது, மேடைக்கு முன்னால் எப்போதும் கூட்டம் இருந்தது, கூட்டத்தில் ஒருவரும் பாட்டைக் கேட்கவில்லை.

மூன்றாம் வருஷம் முடியும்போது எமரென்சியா தன் முடிவைச் சொன்னார். விரல் மூட்டுகள் வீங்கிவிட்டன, வீட்டில் தனியாக இருக்கிறார், மஸ்கட்டில் இருக்கும் மகள் டிக்கெட் எடுத்துவிட்டாள். மாதக் கடைசிச் சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குச் சென்னை ரயில், அங்கிருந்து விமானம். இதைக் கேட்டு ஊர் நிலைகுலைந்தது. வியாபாரிகள் சங்கம் கூடியது. விரல் வைத்தியத்துக்குக் கேரளாவிலிருந்து ஆள் கொண்டுவருவதாகச் சொன்னது. வார்டு கவுன்சிலர் மாலையோடு வந்தார்.

"அக்கா, நீங்க போயிட்டா இந்த ஊரு பாரத்த யாரு எறக்குவா?"

"நா என்ன கிரேனா, மக்கா?" என்றார் எமரென்சியா. "மாலைய அந்த ஆணியில மாட்டு. காபி குடிச்சிட்டுப் போ."

போகிறதுதான் போகிறார், அதற்குள் தூக்க வேண்டியதையெல்லாம் தூக்கிவிடலாம் என்று ஊர் அடுத்த முடிவுக்கு வந்தது. கடைசிச் சனிக்கிழமைக்கு மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு மனு வந்தது, அதில் ஒரு முழு அரிசி ஆலையும் இருந்தது. ஜெர்வாஸ் அந்தக் காகிதக்கட்டை வாங்கிப் படித்து, திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "சனிக்கிழம கச்சேரி. மூணு மணிக்கு. சிங்கராயர் மண்டபத்துல. வர்றவுக கைய வீசிக்கிட்டு வரணும், உக்காரணும், கேக்கணும். வேற ஒண்ணும் கெடையாது."

"கேட்டு?" என்று அரிசி ஆலைக்காரர் கேட்டார்.

"கேட்டுட்டு வீட்டுக்குப் போகணும்."

நான்காம் சரணத்தைப் பாடாமல் எமரென்சியாவை ரயில் ஏற்றுவதில்லை என்று அவர் மற்ற மூவரிடமும் சொல்லியிருந்தார். எமரென்சியாவும், அது பாடாமல் தானும் ஏறுவதில்லை என்று சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை மண்டப வாசலில் ஆழ்வாரப்பனை நிறுத்தினார்கள், அவர் முகத்துக்கு எதிரே யாரும் பொய் சொல்வதில்லை. பெண்களின் கைப்பை, குடை, டிபன் கேரியர், சாவிக்கொத்து எல்லாவற்றையும் அவர் வாங்கி ஒரு பெஞ்சில் அடுக்கினார். கேஸ் சிலிண்டரோடு வந்த ஒருவர் திருப்பி அனுப்பப்பட்டார். ஒரு அம்மாள் நடந்து வந்த நடையைப் பார்த்துவிட்டு, மடியில் இருப்பதை எடுத்துக் காட்டச் சொன்னார்.

"என்னம்மா இது?"

"அம்மிக்குழவிதான். சும்மா, மடியில கெடக்கட்டும்னு."

"கச்சேரி கேக்கதுக்கு எதுக்கும்மா அம்மிக்குழவி?"

"வெறுங்கையோட வர ஒரு மாதிரி இருக்கு, தம்பி."

முந்நூறு பேர் உட்கார்ந்தார்கள். கையை எங்கே வைப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. முதல் பாட்டு எமரென்சியாவுடையது. கூட்டம் அதைப் பரீட்சை ஹாலில் இருப்பது போல விறைப்பாக உட்கார்ந்து கேட்டது. பாட்டு முடியப் போகும் இடத்தில், மூன்று வருஷப் பழக்கத்தில், காதரின் கை தானாகப் போய் சிம்பலில் நான்கு அடி அடித்தது. முந்நூறு பேரும் எழுந்து, முதுகை வளைத்து, முட்டியை மடக்கி, "எறக்கு!" என்று கத்தி, கையில் இல்லாத ஒன்றைத் தரையில் பத்திரமாக வைத்தார்கள். வைத்துவிட்டு, குனிந்தபடியே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஓய் காதர்!" என்றார் எமரென்சியா.

"கை பழகிட்டு, எமி. நா என்ன செய்ய?"

"அந்தச் சிம்பலக் கழத்திக் கீழ வையும்."

காதர் கழற்றிக் கீழே வைத்தார். கூட்டம் சிரித்தது, சிரித்ததில் உடம்பு கொஞ்சம் தளர்ந்தது. இரண்டாம் பாட்டு சங்கரவேலுடையது, அதற்கு இரண்டு மூன்று பேர் தலையை ஆட்டினார்கள். மூன்றாவதாக ஜெர்வாஸ் மூணாம் கேட் பாட்டை எடுத்தார். முதல் சரணம் போனது, இரண்டாம் சரணம் போனது, மூன்றாம் சரணத்தின் கடைசி வரியில் இருக்கும்போது சரக்குத் தோணி முதலாளி சிரில் ரொட்ரிகோ முழங்கால் வரை நனைந்த பேண்ட்டோடு நடுவழியில் ஓடிவந்தார்.

மாலத்தீவுக்கு வெங்காயம் ஏற்றிய அவருடைய தோணி முகத்துவாரத்தில் தரை தட்டி நின்றுவிட்டது. ஆட்கள் இறங்கிவிட்டார்கள், ஆபத்தில்லை. தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கிறது, அறுநூறு மூடையையும் உடனே எடுக்காவிட்டால் தோணி சாய்ந்து பலகை பிளந்துவிடும். மேடைக்கு முன்னால் நின்று, பாட்டுக்கு நடுவிலேயே, கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்.

"ஜெர்வாஸ் அண்ண, ஒரே ஒரு பாட்டு. பீரோ பாட்டு. அங்க வந்து பாடுங்க, ஒங்க நாலு பேரையும் வேன்ல கொண்டு போறேன்."

ஜெர்வாஸ் மவுத் ஆர்கனை வாயிலிருந்து எடுத்தார். பின்னால் மற்ற மூவரும் நிறுத்தவில்லை. "பாட்டு நடந்துக்கிட்டிருக்கு, சிரில். உக்காரும்."

கூட்டத்தில் பாதி எழுந்துவிட்டது. பாட்டை நாளைக்கும் பாடலாம், தோணி பிளந்தால் போச்சுதானே என்று ஒருவர் கேட்டார். அது நியாயம் என்று பல குரல் வந்தது. முன் வரிசையிலிருந்த அரிசி ஆலைக்காரர், பெரிய மனுஷன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கலாமா என்றார்.

"மூணு வருசமா நாளைக்குத்தான்யா" என்றார் எமரென்சியா, விரலை எடுக்காமல். "எனக்கு நாளைக்கு இல்ல."

வாசலில் நின்ற ஆழ்வாரப்பன் உள்ளே வந்தார். அவர் வேறு யாரையும் பார்க்காமல் சிரிலைப் பார்த்துக் கேட்டார். "எத்தன மூட?"

"அறுநூறு."

"ஒரு மூட எவ்வளவு?"

"அம்பது கிலோ. தண்ணிக்குள்ள இறங்கி சின்ன வள்ளத்துக்கு மாத்தணும். பாட்டில்லாம எப்படி வே?"

"பாட்டு வாரதுக்கு முன்னால ஒங்க தோணிய யாரு ஏத்துனா? ஒங்க மாமனாரா?" என்றார் ஆழ்வாரப்பன். அப்புறம் மேடையைப் பார்த்துத் திரும்பினார். "அண்ணாச்சி, மூணாவதுக்குப் பெறவு ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியும். வாயத் தெறப்பீரு, நாங்க எறக்கிருவோம். ஆயிரம் தடவ பாத்துட்டேன். அந்த ஆளு வீட்டுக்குப் போனானா, இல்லியா? அதத் தெரியாம எனக்கு ஒறக்கம் வராது. நாங்க போயிட்டு வாரோம். அதுவரைக்கும் முடிச்சிராதிய."

"முடிக்க மாட்டேன்" என்றார் ஜெர்வாஸ். "நிறுத்தவும் மாட்டேன்."

நாற்பது பேர் தலைத்துண்டை உதறிக்கொண்டு ஆழ்வாரப்பனின் பின்னால் போனார்கள். மணி அப்போது நான்கு ஆகியிருந்தது. முகத்துவாரம் ஒன்றரை மைல் தூரம், காற்றும் எதிர்க்காற்று. மண்டபத்துப் பாட்டு அங்கே ஒரு துளிகூடக் கேட்காது என்பது எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு அந்த ஒவ்வொரு மூடையும் ஐம்பது கிலோ முழுசாக இருந்தது, தண்ணீர் ஊறியதில் அதற்கு மேலேயும் இருந்தது. இடுப்பளவு தண்ணீரில், சேற்றில் கால் புதைய, ஆளுக்குப் பதினைந்து நடை அவர்கள் நடந்தார்கள். மூன்று வருஷமாகப் பாரம் மறந்த கழுத்துகள் மூன்றாம் நடையிலேயே கத்தத் தொடங்கின, ஐந்தாம் நடையில் தோல் உரிந்தது. ஒருவரும் பாட்டுக்காரர்களைத் திட்டவில்லை. தாளம் மட்டும் காலில் இருந்தது, அந்தத் தாளத்துக்குத்தான் நடந்தார்கள்.

மண்டபத்தில் நான்கு பேரும் மூன்றாம் சரணத்துக்கும் நான்காம் சரணத்துக்கும் நடுவே நின்றுகொண்டு வாசித்தார்கள். பாட வார்த்தை இல்லாமல் பன்னிரண்டு தாளக்கட்டு வந்தது, முடிந்தது, முடிந்த இடத்தில் மறுபடி வந்தது. சங்கரவேல் ஒரே நான்கு சுரத்தில் முன்னும் பின்னும் போய்வந்தார். ஜெர்வாஸ் ஊதி ஊதி உதடு வெடித்தபோது எமரென்சியா எடுத்துக்கொண்டார், எமரென்சியாவின் விரல் மடங்க மறுத்தபோது ஜெர்வாஸ் திரும்ப எடுத்துக்கொண்டார். அரிசி ஆலைக்காரர் எழுந்து போனார், கவுன்சிலர் போனார், அவர்களோடு நூறு பேர் போனார்கள். ஐந்து மணிக்கு ஒருவர் காபி கொண்டுவந்து காதரின் வாயில் ஊற்றிவிட்டார், அவர் கையை நிறுத்தாமல் குடித்தார்.

போகாமல் இருந்தவர்களுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. தூக்க எதுவுமில்லை, இறக்க எதுவுமில்லை. வேறு வழியில்லாமல் அவர்கள் கேட்டார்கள். முதல் அரைமணி நேரத்தில் எல்லாச் சுற்றும் ஒன்றுபோல இருக்கிறது என்று நினைத்தார்கள், இரண்டாம் அரைமணி நேரத்தில் ஒரு சுற்றுக்கூட இன்னொன்றைப் போல இல்லை என்று கண்டுகொண்டார்கள். மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்த அம்மிக்குழவி அம்மாள் ஒரு தடவை கிட்டார் இறங்கிய இடத்தில் "யம்மா" என்றார். பக்கத்திலிருந்தவர் என்ன என்று கேட்க, ஒன்றுமில்லை, பேசாமல் கேளும் என்றார்.

ஆறு மணி இருபது நிமிஷத்துக்கு ஆழ்வாரப்பனும் நாற்பது பேரும் திரும்பி வந்தார்கள். உப்புத்தண்ணீரும் சேறும் வியர்வையும் வெங்காய நாற்றமுமாக வந்தார்கள். நாற்காலி அழுக்காகிவிடும் என்று தரையிலேயே, மேடைக்கு முன்னால், கழுத்தைத் திருப்ப முடியாமல் உட்கார்ந்தார்கள். தோணி மிதந்துவிட்டது என்று பின்னால் வந்த சிரில் சொன்னார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"வந்துட்டோம், அண்ணாச்சி" என்றார் ஆழ்வாரப்பன். "இப்பம் பாடும்."

ஜெர்வாஸ் அடுத்த சுற்று வரும் வரை காத்திருந்து, உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்பு எழுதிய நான்காம் சரணத்தைப் பாடினார்.

வீட்டுக்குப் போகச் சொன்னாக, நானும் போகலியே,
வீட்டுக்குப் போகச் சொன்னாக, நானும் போகலியே,
எம்பேர நானே கூப்பிட்டேன், கேட்டத் தாண்டி உள்ள போனேன்.

பன்னிரண்டாவது கட்டில் நான்கு பேரும் ஒன்றாக நிறுத்தினார்கள். எச்சரிக்கை எதுவும் இல்லாமல் பாட்டு அதுவாக முடிந்தது. பாட்டு முடிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அந்த ஊரில் யாருக்கும் பழக்கமில்லை.

ஆழ்வாரப்பன் கையைத் தரையில் ஊன்றி எழுந்தார். நிமிர்ந்து நின்று, கேட்டில் ஆள் எடுக்கும்போது சொல்வது போல, உரக்கச் சொன்னார்: "ஆழ்வாரப்பன்."

பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். "சுப்பக்குட்டி." அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், "அந்தோணி பிச்சை." தரையில் இருந்த நாற்பது பேரும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்று தங்கள் பெயரைத் தாங்களே கூப்பிட்டுக்கொண்டார்கள். பிறகு நாற்காலியில் இருந்தவர்கள் தொடங்கினார்கள், அம்மிக்குழவி அம்மாள் தன் பெயர் பேச்சித்தாய் என்று சொன்னார். மணி ஆறே முக்கால் ஆகிவிட்டது. பெட்டியை ஏற்றிய ஆட்டோ வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கிட்டார் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த எமரென்சியா கர்டோசா, பெயர் சொல்லும் வரிசை மேடைக்கு வரட்டும் என்று அதைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து நின்று காத்திருந்தார்.